பதினேழு பேரு மேடையில, ஒரு மாமியார் கீழ

ஞாயித்துக்கெழம சாயங்காலம் திண்டிவனத்துல எங்க வாசகர் வட்டத்துக் கூட்டம். அதுக்கு ஆளு சேக்கணும். எனக்குக் குடுத்த வேல அது ஒண்ணுதான்.

கேக்கறதுக்கு சுளுவா இருக்குதுல்ல?

எனக்கு விழுப்புரத்துல மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை. கெணத்து மோட்டாரு, மிக்ஸி, கிரைண்டரு, எது எரிஞ்சாலும் என்கிட்ட வரும். படிச்சது ராத்திரி பள்ளிக்கூடத்துல. பகல்லாம் வேல செஞ்சிட்டுப் போய் உக்காந்தா, அங்க உருப்படியா கத்துக்கினது கண்ண தொறந்து வெச்சிக்கினே தூங்குறது. அந்தத் தகுதிய பாத்துதான் என்னை வட்டத்துக்குச் செயலாளரா போட்டாங்கன்னு நெனைக்கிறேன்.

மாசம் ஒரு கூட்டம். யாராவது ஒருத்தர் தான் எழுதுனத படிப்பாரு, மத்தவங்க கேப்போம்.

மத்தவங்கன்னா போன மாசம் தலைவரு, நானு, மைக் செட்டு காதர் பாய். கடைசியில வாட்ச்மேனும் வந்து நின்னாரு. புது வாசகர்னு நாங்க பூரிச்சுப் போனோம். லைட்ட அணைக்க வந்தாராம்.

எங்க தலைவரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு. மறுநாளே கடைக்கு வந்துட்டாரு.

"ஏழுமலை, இந்த வாட்டி ஆளு இல்லன்னா அசிங்கமா பூடும்யா. அந்தப் பொண்ணு மொத மொதல்ல படிக்கப் போவுது."

அந்தப் பொண்ணு பேரு கலைமதி. மரக்காணம் பக்கத்துல கடலோரம் ஒரு குப்பம். புருஷன் கடலுக்குப் போறவரு. இது கவித எழுதி எங்க வாட்சப் குரூப்புல போடும். நாங்கல்லாம் கை தட்டுற பொம்மையா போட்டுத் தள்ளுவோம். ஆனா நாலு பேரு முன்னாடி நின்னு ஒரு வாட்டி கூட படிச்சதில்ல.

நான் போன் பண்ணிக் கேட்டப்பதான் விஷயம் தெரிஞ்சுது.

"அண்ணா, எங்க அத்தையும் கூட வர்றாங்கணா."

"வரட்டும்மா, நல்லதுதானே."

"நல்லது இல்லணா. 'நீ இன்னாதான் எழுதுறன்னு நான் என் காதால கேக்கணும். கேக்குறாப்ல இருந்தா போயி வா. இல்லன்னா இந்த வாசிக்கிற வேலய இத்தோட வுட்டுடு'ன்னு சொல்லிட்டாங்க. எங்க ஊருக்குள்ள வர்ற கடைசி பஸ்ஸு திண்டிவனத்துல ஏழு மணிக்கு. அதுக்குள்ள நான் படிச்சிடணும்ணா."

"நாலு மணிக்குக் கூட்டம். அஞ்சரைக்கு நீ டீ குடிச்சிக்கினு இருப்ப. நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல. இந்த வார்த்தைய சொன்னது நான்தான். இப்ப நெனைச்சாலும் காது சூடாவுது.

சரி, ஆளுக்கு எங்க போறது?

அன்னைக்குக் கடைக்கு ஒரு காதுகுத்து பத்திரிக வந்துச்சி. பின்னாடி திருப்புனா ஒரே பேரு. பங்காளிங்க, மாமன் மச்சானுங்க, கொழந்தைங்க கூட வுடல. பளிச்சுன்னு ஒரு பல்பு எரிஞ்சுது எனக்கு. பத்திரிகைல பேரு போட்டவன் எவனாவது விசேஷத்துக்கு வராம இருப்பானா? பேரு வுட்டுப்போனவன் கூட சண்ட போடறதுக்காவது வருவானே!

உக்காந்து எழுதுனேன். தலைமை, தலைவரு. வரவேற்புரை ஒருத்தர். வாழ்த்துரை ரெண்டு பேரு. நன்றியுரை ஒருத்தர். நம்ம பேரு இல்லாம எப்படி? நோக்கவுரை, நானு. நடுவுல கலைமதி, கவிதை வாசிப்பு. அழகா இருந்துச்சி. அத அப்படியே குரூப்புல போட்டேன்.

போட்ட நேரத்துல போன கெணத்துல போட்டிருக்கலாம்.

மொத போனு இன்சூரன்ஸ் ஏஜென்ட் தணிகாசலம்.

"செயலாளரே, பத்திரிக பாத்தேன். ரொம்ப சிறப்பு. ஒரு சின்ன சந்தேகம். நான் இன்னும் வட்டத்துல உறுப்பினரா இருக்கேனா?"

"இன்னா சார் அப்படி கேட்டுட்டீங்க?"

"இல்ல, பேரு கண்ணுல படல. கண்ணாடி மாத்தணும் போல."

அவருக்குக் கருத்துரை.

அடுத்த போனு, "தணிகாசலத்துக்குக் கருத்துரை, எனக்கு ஒண்ணும் இல்லியா? எனக்குக் கருத்து இல்லன்னு முடிவு பண்ணிட்டியா?"

அவருக்குத் தொடக்கவுரை. அடுத்தவருக்கு அணிந்துரை. அது பொஸ்தகத்துல வர்றதுன்னு ஒருத்தர் சொன்னாரு. அவருக்கும் ஒண்ணு வேணும்னுதான் சொல்றாருன்னு புரிஞ்சிக்கினு ஆய்வுரை குடுத்தேன். அப்புறம் இணைப்புரை. சிற்றுரை. பேருரை. சாயங்காலத்துக்குள்ள தமிழ்ல இருக்கிற உரையெல்லாம் காலி. தலையணை உறையும் மெத்தை உறையும்தான் பாக்கி. மகிழ்வுரை, நெகிழ்வுரைன்னு நானே புதுசா ரெண்டு காயில் கட்டுனேன்.

மயிலத்துல இருந்து ஒரு வாத்தியாரு மட்டும் தங்கமான மனுஷன். "எனக்குப் பேசல்லாம் வராதுங்க. சும்மா வந்து ஓரமா உக்காந்து கேட்டுட்டுப் போறேன்"னாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி. கேக்கறதுக்குன்னே ஒரு மனுஷன்! அந்த சந்தோஷத்துல அவரு பேரையும் போட்டுட்டேன், "சிறப்புப் பார்வையாளர்"னு.

அச்சாயி வந்த பத்திரிகைய என் வூட்டுக்காரி வாங்கிப் பாத்துச்சி.

"இன்னாங்க இது, ரேஷன் கடை போர்டு மாதிரி இருக்குது? யாரு படிக்கிறதுக்கு இந்தக் கூட்டம்?"

"கலைமதின்னு ஒரு பொண்ணு."

"அந்தப் பேரு எங்க கீது?"

தேடுனோம். ரெண்டு பேருமா தேடுனோம். எடம் பத்தாம அச்சகத்துல கீழ தள்ளிட்டான். கடைசி வரியா போட்ட "ஒலி அமைப்பு காதர்"க்கு மேல இருந்துச்சி.

"அதான் கீதே"ன்னேன் கம்பீரமா.

ஞாயித்துக்கெழம வந்துச்சி. பஸ்ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு டியூஷன் சென்டரு மாடி. பெஞ்சுங்கள ஒண்ணா சேத்துப் போட்டு மேல ஜமக்காளம் விரிச்சி மேடை. அஞ்சு பேரு உக்காரலாம். எதுத்தாப்ல பிளாஸ்டிக் நாற்காலிங்க, வரிசையா, அழகா.

மூணே முக்காலுக்கே ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க! வேட்டி, ஜிப்பா, செண்டு வாசன. எல்லாரும் வந்தாங்க. ஒருத்தர் பாக்கியில்ல. தலைவரு என் முதுகுல தட்டுனாரு.

"சாதிச்சிட்டய்யா!"

நானும் ஒரு நிமிஷம் நம்புனேன்.

கலைமதி நீலப் பொடவ கட்டிக்கினு வந்துச்சி. கையில நாலா மடிச்ச காகிதம். பக்கத்துல மாமியார் அஞ்சலையம்மா. காதுல கம்மலு, இடுப்புல கைய வெச்சிக்கினு ஹால ஒரு சுத்து பாத்துச்சி. மீனு வாங்கற எடத்துல செவுள தூக்கிப் பாக்குற மாதிரியே ஒரு பார்வ.

"நீதான் ஏழுமலையா?"

"ஆமாம்மா, வாங்க, வாங்க."

"ஏழு மணிக்கு பஸ்ஸு."

வணக்கம் கூட அப்புறம்தான்.

காதர் பாய் மைக்க தட்டுனாரு. வரவேற்புரை சொல்றவரு ஆரம்பிச்சாரு. ஒவ்வொரு பேரா வாசிச்சி, "அவர்களை மேடைக்கு வருக வருக என அழைக்கின்றோம்"னாரு.

ஒருத்தர் ஏறுனாரு. ரெண்டு பேரு. அஞ்சு பேரு. மேடை ரொம்பிடுச்சி. அவரு நிறுத்தல. ஆறாவது ஆளு கீழ இருந்து தன்னோட நாற்காலிய தூக்கிக்கினு ஏறுனாரு. அத பாத்து ஏழாவது ஆளும் தூக்கிக்கினாரு. அப்புறம் வரிசையா, பொங்கலுக்கு ஊருக்குப் போற பஸ்ல ஏறுற மாதிரி, ஆளும் நாற்காலியுமா ஏறிக்கினே இருந்தாங்க. நானும்தான் ஏறுனேன். நோக்கவுரை ஆச்சே!

கலைமதிக்கு ஓரத்துல ஒரு முக்காலி கெடச்சிது.

உக்காந்து நிமிர்ந்து பாத்தா மேடையில பதினேழு பேரு. கீழ நாற்காலியில ஒரே ஒரு ஆளு. அஞ்சலையம்மா.

சரி, மயிலம் வாத்தியாராவது கீழ இருக்கணுமே? தேடுனேன். எனக்குப் பின்னாடி உக்காந்திருந்தாரு.

"சார், நீங்க பார்வையாளர் சார். நீங்க கீழதான் உக்காரணும்."

"சிறப்புப் பார்வையாளர்னு போட்டிருக்கீங்களே"ன்னாரு, ரொம்ப அடக்கமா.

அஞ்சலையம்மா சுத்திமுத்தும் பாத்துச்சி. முன்னாடி பாத்துச்சி, பின்னாடி பாத்துச்சி. அப்புறம் கொரல் வுட்டுச்சி.

"ஏன் தம்பி, எல்லாரும் அங்க குந்திக்கினா இங்க எனக்கு யாரு தொணை?"

தலைவரு ஜாடையில சொன்னாரு, "அந்தம்மாவயும் மேடைக்குக் கூப்புடுய்யா, பாவம்." கூப்புட்டா யாருக்குங்க பேசறதுன்னு கேட்டேன். யோசிச்சாரு. "அதுவும் சரிதான்"னாரு.

யாராவது நாலு பேரு கீழ எறங்குங்கன்னு கெஞ்சுனேன். ஒருத்தரும் அசையல. அப்ப பெஞ்சுல எங்கியோ "படக்"குன்னு ஒரு சத்தம். பலக ஒண்ணு வுட்டுடுச்சி. மேடை இந்தப் பக்கம் லேசா சாஞ்சுது. அப்பவும் ஒருத்தரும் அசையல. எழுந்தா நாற்காலி பூடும்ல? ரெண்டு எச்பி மோட்டாருல பத்து எச்பி லோடு போட்டா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். காயில் கருகுற வாசன அப்பவே மூக்குல ஏறிடுச்சி.

தலைவரு காதுல சொன்னேன். "அய்யா, அந்தப் பொண்ண மொதல்ல படிக்க வுட்டுடலாம். அவங்களுக்கு பஸ்ஸு கீது."

"சீச்சீ, மொறைன்னு ஒண்ணு இருக்குதுய்யா. முக்கியமானவங்கள கடைசியிலதான் பேச வைக்கணும். மொதல்லயே படிச்சிட்டா அப்புறம் கூட்டம் கலைஞ்சிடும்."

"இப்ப கூட்டம் எங்கங்க இருக்குது?"

"நம்ம இருக்கோம்ல?"

பேச ஆரம்பிச்சாங்க. எல்லாரும் மொதல்ல மேடையில இருக்கிற பதினேழு பேரையும் பேரு சொல்லிக் கும்புட்டுதான் ஆரம்பிச்சாங்க. அது ஒரு வேல. வுட்டுப்போனா மனஸ்தாபம். ஒருத்தரு காதர் பாயையும் சேத்து "ஒலியின் வேந்தர்"னாரு. பாய் அன்னைக்கு ஒரு இன்ச்சு ஒசரமாயிட்டாரு.

பேசுனவங்க கீழ வந்து உக்காருவாங்க, கொஞ்சம் கொஞ்சமா ஹால் ரொம்பும்னு நான் கணக்குப் போட்டேன். அங்கதான் அடி. பேசி முடிச்சவரு மேடைய வுட்டு எறங்குவாரு, போன காதுல வெப்பாரு, "ஆங், சொல்லு... இப்பவா? சரி, வர்றேன்"னுக்கினே படிக்கட்டுல பூடுவாரு. ஒரு போனு கூட அடிக்கவே இல்ல!

நடுவுல என் நோக்கவுரை வந்துச்சி. நேரம் போவுதேன்னு ரெண்டு வாட்டி கடியாரத்த பாத்தேன். அதனால, கூட்டத்துல ஏன் சுருக்கமா பேசணும்ங்கறத பத்திப் பேசுனேன்.

விரிவா பேசுனேன்.

இன்னா பண்றது, மைக்க புடிச்சா எனக்குள்ள ஒரு ஆளு எழுந்து உக்காந்துக்கிறான். முடிச்சிட்டு நெத்தி வேர்வய தொடச்சா, கீழ இருந்து அஞ்சலையம்மா கேட்டுச்சி.

"தம்பி, வூட்ல உன் பொண்டாட்டி உன்னை பேச வுடறதில்லியா?"

ஓரத்துல கலைமதி வாய பொத்திக்கினு சிரிச்சிது. அன்னைக்கு அது சிரிச்சது அப்பதான்.

அப்புறம் தணிகாசலம் எழுந்தாரு. கருத்துரை. அவரு இன்சூரன்ஸ் எடுக்க வைக்கிற மாதிரியே பேசுவாரு, மனுஷன் சாவுறதுல ஆரம்பிச்சி. கடியாரத்த பாத்தேன். மணி ஆறு. ஒரு துண்டுச்சீட்டுல "நேரம் ஆகிறது, சுருக்கவும்"னு எழுதிக் குடுத்தேன். வாங்குனாரு. படிச்சாரு. மடிச்சி சட்டப் பையில வெச்சாரு.

"நம் செயலாளர் அவர்கள், இந்தக் கருத்தை இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொள்கிறார்"னாரு.

நைசா காதர் பாய்கிட்ட போனேன்.

"பாய், பேஜாரா கீது. ஜல்தியா மைக்க ஆஃப் பண்ணு."

"பாவம் இல்லியா?"

"பண்ணு பாய்!"

பாய் ஒயர புடுங்குனாரு. தணிகாசலம் மைக்க ஒரு தட்டு தட்டுனாரு. ஓரமா நகத்தி வெச்சாரு. "என் குரலுக்கு எதற்கு ஒலிபெருக்கி?"ன்னு ஆரம்பிச்சாரு பாருங்க, கீழ ரோட்டுல போனவன் நின்னு மாடிய பாக்கறான். மைக்கு இருந்தப்பவாவது பக்கத்துல நின்னு பேசனாரு. இப்ப நடந்துக்கினே பேச ஆரம்பிச்சிட்டாரு.

கடைசி அஸ்திரம் போண்டா. டீயும் போண்டாவும் வந்தா எப்படியும் எல்லாரும் எறங்குவாங்க, அந்த கேப்புல ஒயர மாட்டி கலைமதிய மைக்கு முன்னாடி நிக்க வெச்சிடலாம்னு திட்டம். அரை மணி முன்னாடியே கொண்டாரச் சொன்னேன். வந்துச்சி. ஒருத்தரும் எறங்கல.

"செயலாளரே, இங்கயே குடுத்துடுங்க"ன்னாங்க.

பதினேழு பேருக்குப் பதிலா இப்ப மேடையில எட்டு பேரு. தட்ட தூக்கிக்கினு சாஞ்ச மேடையில ஏறி நானே பரிமாறுனேன். தணிகாசலம் ஒரு கையில போண்டாவ வெச்சிக்கினு இன்னொரு கையில வாழ்க்கைய விளக்குனாரு.

ஆறே முக்கால்.

அஞ்சலையம்மா எழுந்திரிச்சிது. பொடவய ஒதறிச்சி. பைய எடுத்துச்சி.

"மதி. வா, போலாம்."

தணிகாசலமே நிறுத்திட்டாரு, பாத்துக்குங்க.

"அம்மா, அஞ்சே நிமிஷம்மா, அடுத்தது அவங்கதான்"னு பொய் சொன்னேன். ரெண்டு வாழ்த்துரை, மகிழ்வுரை, நெகிழ்வுரை, நன்றியுரைன்னு வாழ்த்துற கோஷ்டியே இன்னும் அஞ்சு பேரு, தலைமையுரை வேற பாக்கி கெடந்துச்சி.

"இல்ல தம்பி. பஸ்ஸு பூட்டா எங்களுக்கு வேற வழி இல்ல. புள்ள விடியறதுக்குள்ள கடலுக்குப் போவணும், சோறு கட்டிக் குடுக்கணும். கருவாட்ட காய போட்டுட்டு வந்தது வந்தபடி கெடக்குது. நீங்கல்லாம் நல்லாத்தான் படிச்சீங்க. எங்க பொண்ணுதான் வாயே தொறக்கல. அவளுக்கு இதெல்லாம் வராது போல. வுட்டுடு."

வராதுன்னு முடிவே பண்ணிடுச்சி அந்தம்மா. கலைமதி கையில இருந்த காகிதத்த மடிக்கக்கூட செய்யாம அப்படியே அத்தையோட பைக்குள்ள போட்டுச்சி. "வர்றேண்ணா"ன்னு மட்டும் சொல்லிச்சி. நெஜமா சொல்றேன், தணிகாசலம் சாவப் பத்திப் பேசனப்ப கூட எனக்கு அப்படி ஆவல.

ரெண்டு பேரும் படிக்கட்டுல எறங்குறாங்க. நான் பின்னாடியே ஓடுனேன். மேடையில இருந்து கூச்சல்.

"செயலாளரே! எங்க வாழ்த்துரை?"

"ஏழுமலை! கூட்டம் முடியலய்யா! என் தலைமையுரை கீது!"

நின்னேன். திரும்புனேன். அன்னைக்கு முழுக்க நான் சொன்னதுலயே உருப்படியான வார்த்த அதுதான்.

"அந்தப் பொண்ணு இன்னும் படிக்கவே இல்லீங்க அய்யா. படிக்காததுக்கு எப்படி வாழ்த்துவீங்க? வாழ்த்தணும்னா பஸ்ஸ்டாண்டுக்கு வாங்க!"

வந்துட்டாங்க! எழுதி எடுத்துக்கினு வந்த பேச்ச பேசாம வூட்டுக்குத் திருப்பி எடுத்துக்கினு போறவன் எங்க ஜில்லாலயே கெடையாது. முன்னாடி அஞ்சலையம்மா வேகமா நடக்குது, பின்னாடி கலைமதி, அதுக்குப் பின்னாடி நானு, தலைவரு, வாழ்த்துரைங்க அஞ்சு. எல்லாரு தோள்லயும் வரவேற்புல போத்துன சால்வ. டீக்கடைக்காரரு எட்டிப் பாத்துக் கேட்டாரு.

"இன்னா சார், ஆர்ப்பாட்டமா?"

"கவித"ன்னேன்.

"ஓ"ன்னு உள்ள பூட்டாரு.

பஸ்ஸு நின்னுக்கினு இருந்துச்சி. பாதி ரொம்பியிருந்துச்சி. மல்லாட்டை, அதாங்க வேர்க்கடல, விக்கிற கூடைக்காரம்மாங்க, வேல முடிஞ்சி போற பொண்ணுங்க, காய்கறி மூட்டை. அஞ்சலையம்மா ஏறி ஜன்னலோரம் உக்காந்துக்கிச்சி. நாங்க ஏழு பேரும் திபுதிபுன்னு ஏறுனோம். கண்டக்டரு முகம் மலர்ந்துடுச்சி.

"எங்க சார், மரக்காணமா? ஏழு டிக்கெட்டா?"

"இல்லீங்க, நாங்க எறங்கிடுவோம். இந்தப் பொண்ணு ஒரு கவித படிக்கும். ஒண்ணே ஒண்ணு."

"பஸ்லயா?"

"வண்டி எடுக்க நேரம் கீதுல்ல?"

டிரைவரு டீ குடிச்சிக்கினு இருந்தாரு. கண்டக்டரு என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. வாழ்த்துரைங்கள பாத்தாரு. "சீக்கிரம் முடிச்சி எறங்கிடணும். கலாட்டா கூடாது"ன்னாரு.

தலைவரு போயி டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்துக்கினாரு. தலைமை எங்க இருந்தாலும் தலைமை.

கலைமதி கம்பிய புடிச்சிக்கினு நின்னுச்சி. காகிதம் அத்தையோட பையில. அந்தம்மா எடுத்துக் குடுக்கல, ஜன்னலுக்கு வெளிய பாத்துக்கினு இருந்துச்சி. சரி, போச்சுன்னு நெனைச்சேன். கலைமதி கண்ண மூடிக்கினு காகிதம் இல்லாமயே சொல்ல ஆரம்பிச்சிது.

"படகு கண்ணுக்கு மறையற வரைக்கும்
அத்தை கையாட்ட மாட்டாங்க.
கரையில நின்னுக்கினு
காக்காவ திட்டுவாங்க,
நாய திட்டுவாங்க,
என்னையும் திட்டுவாங்க.
படகு திரும்பி வந்து
மணல்ல தட்டுனதும்
அன்னைக்கு முழுக்க
யாரையும் திட்ட மாட்டாங்க."

அவ்ளோதான். முடிஞ்சிடுச்சி. வாழ்த்துரைங்க அஞ்சு பேரும் வாயடைச்சி நின்னாங்க. நான் அத என் கண்ணால பாத்தேன், சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

அஞ்சலையம்மா ஜன்னல வுட்டு திரும்பவே இல்ல. வெளிய பாத்துக்கினே கேட்டுச்சி.

"நான் எப்பவுமா திட்டிக்கினு இருக்கேன்?"

மல்லாட்டை கூடைய மடியில வெச்சிக்கினு இருந்த ஒரு அம்மா பின் சீட்டுல இருந்து சொன்னாங்க.

"திட்டுனாதான் எனக்கும் பயம் தெரியாம இருக்கும். உனக்கும் அப்படித்தானாக்கா?"

அஞ்சலையம்மா பொடவத் தலைப்பால மூக்க தொடச்சிக்கிச்சி. பையத் தொறந்துச்சி. காகிதத்த எடுத்து மருமக கையில குடுத்துச்சி.

"இன்னொண்ணு கீதா? படி."

எனக்கு அங்கயே பஸ்ஸுக்குள்ள வுழுந்து கும்புடணும் போல இருந்துச்சி. டிரைவரு ஏறி வண்டிய ஸ்டார்ட் பண்ணாரு. கண்டக்டரு விசில வாய்ல வெச்சவரு எடுத்துட்டாரு.

"இருண்ணே, அந்தப் பொண்ணு முடிக்கட்டும்."

ரெண்டாவது கவித முடிஞ்சிது. பஸ்ஸே கை தட்டுச்சி. எங்க வட்டம் ஆரம்பிச்சதுல இருந்து அவ்ளோ சத்தம் நாங்க கேட்டதில்ல. கண்டக்டரு விசிலு அடிச்சாரு. "எறங்குங்க, எறங்குங்க"ன்னு நான் வாழ்த்துரைங்கள தள்ளிக்கினு கீழ குதிச்சேன். எண்ணிப் பாத்தேன். ஒரு ஆளு கொறையுது.

தலைவரு!

உள்ள பாத்தா கம்பிய புடிச்சிக்கினு எழுந்து நிக்கிறாரு. சால்வய சரி பண்ணிக்கினாரு. பஸ்ஸு நகருது.

"பெரியோர்களே, தாய்மார்களே..."

"அய்யா! எறங்குங்க அய்யா! வண்டி கௌம்பிடுச்சி!"

கூடவே ஓடுனேன். ஜன்னல தட்டுனேன். ரெண்டு கையையும் ஆட்டுனேன். என்னை பாத்தாரு. ஜன்னல் வழியா உள்ளங்கைய காட்டி, பொறுமையா சொன்னாரு.

"தெரியுதுய்யா. சுருக்கமா முடிச்சிடறேன்."

பஸ்ஸு மரக்காணம் ரோட்டுல திரும்பிடுச்சி.

திரும்பி வந்தா வாழ்த்துரைங்க அஞ்சு பேரும் என்னை சுத்திக்கினாங்க. "செயலாளரே, நாங்க எங்க பேசறது?" ஆளுக்கு ஒரு பொட்டலம் அவிச்ச மல்லாட்டை வாங்கிக் குடுத்து வாய அடைச்சேன். அப்பவும் ஒருத்தரு தோல உரிச்சிக்கினே ஆரம்பிச்சாரு. விழுப்புரம் பஸ்ஸு வர்ற வரைக்கும் கேட்டேன். கண்ண தொறந்து வெச்சிக்கினுதான்.

மறுநாள் காலையில கலைமதி போன் பண்ணிச்சி.

"அண்ணா, எங்க அத்தை அடுத்த கூட்டம் எப்பன்னு கேக்கறாங்க."

"அப்படியா! சொல்லிடறேம்மா!"

"ஆனா அந்த மாடியில வேணாமாம். பஸ்லயே வெச்சிக்கலாமாம்."

போன வெச்சதும் தலைவரு கூப்புட்டாரு. மரக்காணத்துல எறங்கி, பாண்டி போயி, அங்க இருந்து பஸ்ஸு புடிச்சி வூடு வந்து சேந்தாராம். நான் மன்னிப்பு கேக்க வாயத் தொறந்தேன். அவரு வுடல.

"ஏழுமலை, என் அனுபவத்துல இப்படி ஒரு கூட்டம் பாத்ததில்லய்யா. கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டாங்கய்யா. முருக்கேரியில ரெண்டே ரெண்டு பேருதான் எழுந்து போனாங்க."

அது அவங்க எறங்க வேண்டிய ஸ்டாப்புன்னு நான் ஏங்க சொல்லப் போறேன்?